கல்லுக்குள் இருக்கும் இலையை வெளியே எடுப்பது எப்படி?

டைனோசர் எலும்பைத் தோண்டி எடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். உளி, சுத்தியல், பெரிய பிரஷ், கடைசியில் மாவுக்கட்டு. எலும்புக்கு அது சரி. எலும்பு தடிமனானது, சுற்றியுள்ள கல்லை உடைத்தாலும் அது தாங்கி நிற்கும். ஆனால் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சதுப்பு நிலத்தில் உதிர்ந்து, சேற்றில் புதைந்து, மேலே குவிந்த மண்ணின் பாரத்தில் நசுங்கிப்போன இலை? அது இன்று காகிதத்தைவிட மெல்லிய ஒரு கரிப்படலம். விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றைக் கல்லிலிருந்து பிரித்து, அதன் செல்களைக்கூட எண்ணிப் பார்க்கிறார்கள் என்று முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டபின் வியப்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது.

இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கல்லில் செடியின் உடலில் எது மிச்சம் இருக்கிறது? கருவியும் அமிலமும் அதற்கு அப்புறம்தான்.

சில கற்களில் இலையின் கார்பன் கரிப்படலமாக மிஞ்சியிருக்கும். அதை அமுக்கப் படிவம் எனலாம். சிலவற்றில் அதுவும் போய்விட்டிருக்கும். ஈரச் சிமெண்டில் விழுந்த அரசிலையை யாரோ எடுத்துவிட்டால் நரம்புகளின் தடம் மட்டும் நிற்குமே, அதுபோல. இது அச்சுப் படிவம். இன்னும் சில இடங்களில், செடி நசுங்குவதற்கு முன்பே கனிமம் கரைந்த நீர் அதன் செல்களுக்குள் ஊறி, அங்கேயே இறுகிவிடும். அப்போது தண்டும் வேரும் விதையும் பருமன் குறையாமல் கல்லாகவே நிற்கும். நான்காவதாக ஒன்று உண்டு: காட்டுத்தீயில் வெந்து கரியான பூக்கள். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு நிலைக்குப் பொருந்தும் வழி இன்னொன்றுக்குப் பொருந்தாது. கரிப்படலத்தைத் தனியே மிதக்கவிடும் அமிலத்தில் அச்சுப் படிவத்தைப் போட்டால் மிஞ்சுவது வெறும் கலங்கிய நீர்தான்.

கல்லைத் திறப்பதிலிருந்து தொடங்குவோம். இலைப் படிவங்கள் பெரும்பாலும் ஷேல் எனப்படும் களிப்பாறையில் கிடைக்கின்றன. ஏரியின் அடியில் சேறு அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது அது. மழையில் நனைந்து காய்ந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்ட நோட்டுப் புத்தகம் மாதிரி. பக்கவாட்டில் தட்டையான உளியை வைத்து மெல்லத் தட்டினால் அடுக்கு பிரியும். உள்ளே இலை இருந்தால் கல் பெரும்பாலும் அந்த இலை கிடக்கும் தளத்திலேயே பிளக்கும், ஏனென்றால் அங்கேதான் பிடிப்பு குறைவு. இலையின் ஒரு பகுதி மேல் பாதியிலும் மறுபகுதி கீழ்ப் பாதியிலும் ஒட்டிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, அழகாக இருக்கும் பாதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிவது. இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு இலை.

திறந்த அந்த நொடியிலிருந்தே படிவம் கெடத் தொடங்கலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கிளார்க்கியா என்ற ஊர் இருக்கிறது. 1972இல் அங்கே பனிவண்டிப் பந்தயத்துக்காக மண்ணை வெட்டியபோது, ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஏரிப் படிவு வெளிப்பட்டது. அதன் ஈரக் களிமண்ணைப் பிளந்தால் இலைகள் சிவப்பும் பழுப்பும் சில நேரம் பச்சையுமாக இருக்கும், உதிர்ந்து சில மாதங்களே ஆன இலைகளைப் போல. காற்று பட்டதும் சில நிமிடங்களில் கறுத்துவிடும். அத்தனை காலம் காப்பாற்றியது ஆக்சிஜன் இல்லாத சேறு. நாம் கல்லைத் திறக்கும்போது அந்தப் பாதுகாப்பையும் திறந்துவிடுகிறோம். ஈரமான களிப்பாறையை வெயிலில் வைத்தால் களிமண் சுருங்கும், கரிப்படலம் அதே அளவுக்குச் சுருங்காது. அது வெடித்து உரிந்துவிடும். அதனால் ஈரக் காகிதத்தில் சுற்றி, மெதுவாக, நிழலில் உலர விடுவார்கள்.

சரி, கல் பிளந்துவிட்டது. ஆனால் செடி என்பது தட்டையான பொருள் அல்ல. கிளை ஒன்று மேலே போகும், இன்னொன்று கீழே கல்லுக்குள் நுழையும். பிளவுத் தளத்தில் நமக்குத் தெரிவது அதன் ஒரு வெட்டுத் தோற்றம் மட்டும்தான். மீதி கல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த சுசான் லெக்லர்க், இந்த மீதியை வெளியே கொண்டுவரும் கலையை ஒரு ஒழுங்கான முறையாக்கியவர். இரட்டைக்கண் நுண்ணோக்கியின் கீழே கல்லை வைத்து, நுனியைத் தீட்டிய எஃகு ஊசியையும் சின்னஞ்சிறு சுத்தியலையும் கொண்டு, பாறையைத் துகள் துகளாகத் தட்டி எடுப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போதுதான் அதன் நுட்பம் தெரியும். ஊசியைச் சாய்த்து நெம்பினால் கரிப்படலமும் கூடவே பெயர்ந்துவிடும். அதனால் செடிக்குச் சற்று மேலே இருக்கும் பாறையில் ஊசியைக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிறுத்தி, லேசாகத் தட்டுவார்கள். கல்லும் செடியும் சந்திக்கும் இடம் பலவீனமானது என்பதால், ஒரு சிறு சில்லு சரியாக அந்த எல்லையில் விடுபட்டு விழும். தூசியை ஊதிவிட்டு, அடுத்த சில்லு. ஒரு மில்லிமீட்டர் நகர ஒரு மணி நேரம் ஆகலாம். ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் கரி இன்னும் கறுப்பாகவும் கல் வெளிறியும் தெரியும், எது செடி எது கல் என்ற குழப்பம் சற்றே தீரும்.

இதில் மனத்தைப் பிசையும் ஒரு கட்டம் வரும். மேலே இருக்கும் கிளையை முழுதாக வெளிப்படுத்தியாயிற்று. அதற்கு நேர் கீழே இன்னொரு கிளை இருக்கிறது என்று தெரிகிறது. கீழே உள்ளதைப் பார்க்க வேண்டுமானால் மேலே உள்ளதை அழித்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மட்டத்திலும் நின்று, படம் எடுத்து, அளவு குறித்து, கையால் வரைந்துவிட்டுத்தான் அடுத்த மட்டத்துக்கு இறங்குவார்கள். அழிந்த பகுதிக்கு அந்த வரைபடம்தான் இனி சாட்சி.

இத்தனை பாடு எதற்கு? கலமோஃபைட்டான் என்ற டெவோனியன் காலச் செடியின் கதையே பதில். ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பிளவுத் தளத்தில் தெரிந்ததை மட்டும் வைத்து, அதன் வித்துப்பைகளைத் தாங்கும் உறுப்பு ஒரு எளிய கவட்டை என்றும், அது இன்றைய ஈக்விசிட்டம் (குதிரைவால்) செடிகளின் மூதாதை வரிசையில் வருவது என்றும் நினைத்தார்கள். லெக்லர்க்கும் அமெரிக்கரான ஹென்றி ஆண்ட்ரூஸும் பெல்ஜியத்துக் கற்களை ஊசியால் திறந்து, 1960இல் வெளியிட்ட படங்களில் அந்த உறுப்பு பல முறை கிளைத்து வளைந்த, சிக்கலான ஒன்றாக இருந்தது. 1965இல் லெக்லர்க் இன்னொருவருடன் சேர்ந்து, இது ஈக்விசிட்டம் வரிசைச் செடியே அல்ல என்று எழுதினார். கல்லுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்ததை யாரும் அதுவரை பார்க்காததால், ஒரு செடி பல ஆண்டுகள் தவறான குடும்பத்தில் இருந்தது.

அடுத்து அமிலத்துக்கு வருவோம். இலையின் மேல் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது, கியூட்டிகிள் என்பார்கள். மாவிலையைத் தொட்டால் வழவழப்பாக இருப்பதும், தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததும் இந்தப் படலத்தால்தான். உயிருள்ள இலைக்கு நீர் இழப்பைத் தடுக்கும் கவசம் அது. இலை இறந்த பிறகும் அது எளிதில் மட்குவதில்லை, பல அமிலங்களிலும் கரைவதில்லை. கீழே இருந்த புறத்தோல் செல்களின் வரம்புகள் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். காற்று போய்வரும் இலைத்துளைகளும் அப்படியே.

கரிப்படலத்திலிருந்து இதை மட்டும் பிரிப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் ஷூல்ட்ஸே பயன்படுத்திய கலவை அது: நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும். கரித்துண்டை அதில் போட்டால் கறுப்பு மெல்லப் பழுப்பாகி, தேன் நிறத்துக்கு வரும். சில மணி நேரமோ சில நாட்களோ ஆகும். பிறகு கழுவி, நீர்த்த அம்மோனியாவில் விட்டால், ஆக்சிஜனேற்றம் அடைந்த கரி பழுப்பு மேகமாகக் கலைந்து கரையும். மிஞ்சுவது ஒளி ஊடுருவும் ஒரு சிறு உறை. இலையின் மேல் தோலும் கீழ்த் தோலும் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஊறவைத்த உளுந்தின் தோலை விலக்குவதுபோல ஊசி முனையால் இரண்டையும் பிரிக்க வேண்டும். அமிலத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டால் அந்த உறையும் போய்விடும். அதனால் படிவத்தின் ஓரத்தில் ஒரு சிறு துணுக்கை மட்டும் முதலில் எடுத்துச் சோதிப்பார்கள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் கேட்டன் விரிகுடாவில் கிடைத்த ஜுராசிக் காலக் கனிகளை ஹியூ ஹாம்‌ஷா தாமஸ் இப்படித்தான் ஆராய்ந்தார். சில மில்லிமீட்டரே பருமன், விதைகள் உள்ளே மூடியிருந்தன. கேட்டோனியா என்று பெயரிட்டு, பூக்கும் தாவரங்களுக்கு நெருங்கிய உறவு என்று 1925இல் அறிவித்தார். கனியின் வாயருகே உதடுபோல இருந்ததை மகரந்தம் ஏற்கும் சூலகமுடி என்று கருதினார். பின்னர் டாம் ஹாரிஸ் அதேபோன்ற கனிகளிலிருந்து எடுத்த விதைகளை ஆராய்ந்தபோது, மகரந்தத் துகள்கள் விதையின் துளைக்குள்ளேயே கிடப்பதைக் கண்டார். பூக்கும் தாவரங்களில் மகரந்தம் சூலகமுடியோடு நின்றுவிடும், அதன் குழாய்தான் உள்ளே போகும். ஆகவே கேட்டோனியா பூக்கும் தாவரம் இல்லை. ஒரு விதையின் துளைக்குள் சிக்கிய மகரந்தம், 17 கோடி ஆண்டுகள் கழித்து வழக்கைத் தீர்த்து வைத்தது. அந்த விதையைச் சிதைக்காமல் தெளியவைத்த கைகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கியூட்டிகிளில் இலைத்துளைகளும் பதிந்திருக்கும் என்றேன் அல்லவா? அவற்றை எண்ணலாம். காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக இருந்தால் பல செடிகள் குறைவான இலைத்துளைகளோடு வளரும். உலர் தாவரத் தொகுப்புகளில் இருந்த இரு நூற்றாண்டு இலைகளை எண்ணி இதை 1987இல் இயன் வுட்வர்ட் காட்டினார். 1999இல் ஜெனிஃபர் மக்எல்வெய்ன் குழுவினர் கிரீன்லாந்து, சுவீடன் இலைப் படிவங்களை வைத்து, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் டிரையாசிக் காலம் முடிந்தபோது காற்று எப்படி மாறியது என்று கணித்தார்கள். ஒரு துணுக்குத் தோல் போதுமாக இருக்கிறது.

கரிப்படலம் கல்லை விட்டு வரவே மாட்டேன் என்றால்? அப்போது கல்லையே கரைக்க வேண்டும். 1920களில் ஜான் வால்டன் செய்த வழி அழகானது. படிவத்தின் தெரியும் முகத்தைக் கண்ணாடித் தகட்டில் பிசினால் ஒட்டிவிடுவது, பின்பக்கத்துக் கல்லைத் தேய்த்து மெலிதாக்குவது, கண்ணாடிக்கு மெழுகு பூசிக் காத்து, மீதிக் கல்லை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைப்பது. இதுவரை யாருமே பார்க்காத பின்முகம் கடைசியில் கண்ணாடியில் ஒட்டியபடி தெரியும்.

இந்த அமிலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். களிமண்ணையும் மணலையும் கரைக்கக்கூடிய அரிதான அமிலம் இது, கண்ணாடியையும் தின்னும், அதனால் பிளாஸ்டிக் கலத்தில்தான் வைப்பார்கள். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். ஆனால் உள்ளே ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். புகை உறிஞ்சும் அறை, தனிக் கையுறை, பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பயிற்சி பெற்ற இன்னொருவர், இவை இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. வீட்டில் முயலும் வேலை இது இல்லவே இல்லை.

இனி, கல்லாகவே மாறிய செடிகள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிலக்கரி அடுக்குகளுக்குள் உருண்டையான கற்கள் கிடைக்கும். சுரங்கக்காரர்களுக்குத் தொந்தரவு, ஏனென்றால் அவை எரியாது. செடி படிந்த சதுப்பு நிலம் நிலக்கரியாக அமுங்குவதற்கு முன்பே கால்சியம் கார்பனேட் ஊறி இறுகிய இடங்கள் அவை. உள்ளே 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடு, செல் சுவரோடு. தொடக்கத்தில் இவற்றை மெல்லிய சீவலாக அறுத்து, ஒளி ஊடுருவும்வரை அரைத்துப் பார்த்தார்கள். அப்படி அரைத்த சீவல்களில்தான் 1903இல் ஆலிவரும் ஸ்காட்டும், ஒரு விதையைச் சூழ்ந்த உறையின் சுரப்பிகளும், பெரணி போன்ற ஒரு செடியின் தண்டிலிருந்த சுரப்பிகளும் ஒன்றே என்று கண்டு, விதை விடும் பெரணி போன்ற தாவரங்கள் இருந்தன என்று நிறுவினார்கள். ஆனால் ஒவ்வொரு சீவலுக்கும் இடையில் ரம்பம் தின்ற கல் நிறைய. இடையில் இருந்த செடி தூளாகிப் போய்விடும்.

இதற்கு 1928இல் வால்டன் கண்ட மாற்று, உரித்தெடுத்தல். 1956இல் ஜாய், வில்லிஸ், லேசி என்ற மூவர் அதை இன்னும் எளிதாக்கினார்கள். அறுத்த முகத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடிகள் நனைக்க வேண்டும். கார்பனேட் சற்றே கரைந்து, செல் சுவர்கள் மட்டும் மயிரிழை உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். இந்த நிலையில் விரல் பட்டால் எல்லாம் சாய்ந்துவிடும். மெல்லக் கழுவி, உலர்த்தி, அசிட்டோனை ஊற்றி, அதன்மேல் செல்லுலோஸ் அசிட்டேட் தாளைக் குமிழி வராமல் ஒரு பக்கத்திலிருந்து படியவிட வேண்டும், செல்போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிற அதே நிதானத்தோடு. அசிட்டோனில் இளகிய தாள் செல் சுவர்களைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் உரித்தால் சுவர்கள் தாளோடு வந்துவிடும். பள்ளியில் உள்ளங்கையில் ஃபெவிகால் தடவி, காய்ந்தபின் உரித்து ரேகையைப் பார்த்திருப்போமே, ஏறத்தாழ அதேதான். ஆனால் இங்கே வருவது ரேகையின் தடம் மட்டுமல்ல, செடியின் பொருளே. மறுபடி மெருகேற்றி, மறுபடி அமிலம், மறுபடி தாள். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் செலவாகிறது. ஒரு விதையை நுனி முதல் அடிவரை பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

இப்போது நான் சொன்ன கரிந்த பூக்கள். காட்டுத்தீயில் எரிந்து சாம்பலாகாமல், காற்று போதாமல் வெந்து கரியானவை. கரியை நுண்ணுயிர்கள் தின்பதில்லை, மண்ணின் அழுத்தத்தில் அது இலைபோலத் தட்டையாவதும் குறைவு. சுவீடனின் ஓசென் என்ற இடத்தில், சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தளர்வான மணலிலும் களிமண்ணிலும் இப்படிப்பட்ட பூக்கள் இருப்பதை 1981இல் எல்ஸே மரீ ஃப்ரீஸும் அன்னி ஸ்கார்பியும் அறிவித்தார்கள். ஒரு பூ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதழும் மகரந்தப்பையும் சூலகமும் அப்படியே இருக்கின்றன. எடுக்கும் வழி ஆச்சரியமான அளவுக்குச் சமையலறைத்தனமானது: மண்ணை நன்றாக உலரவிட்டு, பிறகு தண்ணீரில் போட்டால் காய்ந்த களிமண் தானாகப் பொலபொலவென்று உதிரும். கண் நெருக்கமான சல்லடையில் மெல்ல அலசி, ஒட்டிய மணலைப் பரிசோதனைக் கூடத்தில் அமிலத்தால் நீக்கி, ஈரமான மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொரு பூவாகப் பொறுக்குவார்கள். இன்று அந்தப் பூவை வெட்டவும் தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி போன்ற இடங்களில் செறிவான எக்ஸ் கதிரைச் செலுத்தி, உள்ளே இருக்கும் சூல்களைக்கூடக் கணினித் திரையில் திருப்பிப் பார்க்கிறார்கள்.

கரி எப்படி உருவத்தைக் காக்கிறது என்று பார்க்க, விறகு அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்துக் குறுக்கே ஒடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மரத்தின் நாளங்கள் ஊசித்துளைகளாக வரிசையாகத் தெரியும்.

எடுத்த பிறகு செய்யக்கூடாதது ஒன்று, வார்னிஷ் பூசுவது. பளபளப்பாகத் தெரியும், ஆனால் பின்னால் வரும் ஒருவர் கியூட்டிகிளை எடுக்க முடியாமல் செய்துவிடும். பைரைட் கனிமம் ஊறிய விதைகளுக்கு ஈரக் காற்றே எதிரி. பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலத்தை உண்டாக்கி, படிவத்தை உள்ளிருந்தே தூளாக்கும். லண்டன் களிமண்ணில் கிடைத்த கனிகளை இதனால்தான் அருங்காட்சியகத்தில் சிலிகோன் திரவத்தில் மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் செடிப் படிவங்கள் உண்டு. திருவக்கரையின் கல்மரங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அதிகம் பேசப்படாதது ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் களிப்பாறை. 1879இல் ஒட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் சென்னைக் கடற்கரைப் பகுதியின் படிவங்களை விவரித்தபோது இந்தப் பாறையின் இலைகளும் அதில் இருந்தன. தொடக்கக் கிரெட்டேசியஸ் காலத்தவை, அதாவது 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. சைகஸ் இலை போன்ற டைலோஃபில்லம் அவற்றில் முக்கியமானது. பெரும்பாலும் இவை அச்சுப் படிவங்கள். கரிப்படலம் இல்லை, கியூட்டிகிள் இல்லை, உரிக்கவோ கரைக்கவோ எதுவும் இல்லை. மூடியிருக்கும் கல்லை ஊசியால் விலக்கலாம், சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்சுக்கு எதிர் அச்சு எடுக்கலாம். மற்றபடி இங்கே முக்கியக் கருவி வெளிச்சம்தான்.

இதை இன்றைக்கே செய்து பார்க்கலாம். பிசைந்த களிமண்ணைத் தட்டையாக்கி, ஒரு வேப்பிலையை நரம்புப் பக்கம் கீழாக அழுத்தி, பிறகு இலையை எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். இருட்டறையில் நேர் மேலிருந்து டார்ச் அடித்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. டார்ச்சைத் தாழ்த்தி, களிமண்ணின் தளத்தோடு ஏறக்குறைய ஒட்டிவைத்து, இடப்பக்கம் மேல் மூலையிலிருந்து ஒளி விழச் செய்யுங்கள். நடுநரம்பு முதலில் நிழலோடு எழும், அப்புறம் கிளை நரம்புகள், அப்புறம் இலை ஓரத்தின் பற்கள்.